கூழ் எங்களுடையது, கூட்டம் அவர்களுக்கு: வெள்ளவத்தை வாசகிக்கு ஒரு சட்டத்தரணியின் பதில்

வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெயரையும் வலைப்பூவின் பெயரையும் தவிர்த்து, ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விபரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 41. பாடசாலை ஆசிரியை. மாமியாரின் கைப்பக்குவத்தையும், யாழ்ப்பாணத்து வீட்டுச் சமையல் கொழும்பு மாடிக் குடியிருப்பின் சின்னக் குசினிக்குள் வந்து எப்படியெல்லாம் மாறியது என்பதையும் மூன்று வருடமாகப் புனைபெயரில் எழுதி வருகிறார். இதுவரை 140 கட்டுரைகள். ஒரு நாளைக்கு 60, 70 பேர் வந்து போகிறார்கள், அதற்கு மேல் ஏறுவதில்லை. போன வருடம் அவர் எழுதிய ஒடியற் கூழ் (உலர்த்திய பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற கூழ்) கட்டுரையை, அதில் இருந்த ஐந்து படங்களோடு, ஒரு முகநூல் பக்கம் அப்படியே எடுத்துப் போட்டுவிட்டது. பெயரும் இல்லை, இணைப்பும் இல்லை. அங்கே அது 4,000 தடவைக்கு மேல் பகிரப்பட்டிருக்கிறது. அவருடைய சொந்தப் பக்கத்தில் அதே கட்டுரைக்கு வந்த பின்னூட்டங்கள் 11.

"புனைபெயரில்தானே எழுதினாய், எங்கேயும் பதிவும் செய்யவில்லை, பிறகென்ன உரிமை என்று வீட்டுக்காரர் கேட்கிறார்" என்று எழுதியிருக்கிறார். கணவரின் ஒன்றுவிட்ட தம்பி 15,000 ரூபாய்க்கு 10,000 பின்தொடர்வோரை வாங்கித் தரலாம் என்கிறாராம். சிநேகிதி ஒருவர், பாடசாலைப் பெற்றோரின் மின்னஞ்சல்களை எடுத்து எல்லோருக்கும் அனுப்பச் சொல்கிறார். ஒரு உணவகம், புகழ்ந்து எழுதினால் குடும்பத்தோடு இலவசச் சாப்பாடும் கையில் கொஞ்சக் காசும் தருவதாகச் சொல்லியிருக்கிறது. இதற்கிடையில், காலி வீதியில் உள்ள ஒரு கடையைக் காரமாகத் திட்டி எழுதிய கட்டுரைக்கு ஒரே நாளில் 900 பேர் வந்துவிட்டார்கள். "இனி இப்படியே எழுதட்டுமா? அல்லது வாசிக்க ஆளில்லாத எழுத்து எதற்கென்று நிறுத்திவிடட்டுமா?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதம் கிடைத்த பிறகு இரண்டு இரவு இருந்து உங்கள் வலைப்பூவை முழுக்க வாசித்தேன். நான் கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் தொழில் செய்கிற சட்டத்தரணி, எழுதுகிறவர்களுடைய பிணக்குகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. அந்தக் கோப்புகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று விளங்கியிருக்கிறது: குறுக்கு வழியில் கூட்டம் சேர்க்கப் போன இடத்தில்தான் பாதிக்கு மேற்பட்ட சிக்கல்கள் தொடங்குகின்றன. அதனால் சட்டத்தையும் வாசகரையும் வேறு வேறாகப் பிரிக்காமல் பேசுகிறேன். நீங்கள் கேட்காத சிலவற்றையும் சொல்லப் போகிறேன், குறை நினைக்காதீர்கள்.

கூழ்க் கட்டுரையில் எது உங்களுடையது

வீட்டுக்காரர் சொன்ன இரண்டுமே பிழை. இலங்கையில் பதிப்புரிமை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. சொந்தமாக ஒன்றை எழுதினால், எழுதிய அந்தக் கணத்திலேயே பாதுகாப்பும் வந்துவிடும். வியாபாரக் குறிக்கும் ஆக்கவுரிமைக்கும்தான் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கிற தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும், பதிப்புரிமைக்கு அப்படி ஒரு பதிவே இங்கு தேவையில்லை. புனைபெயர் விடயத்தில் சட்டம் உங்கள் பக்கம்தான் நிற்கிறது: தன் பெயர் படைப்போடு வர வேண்டும் என்று கேட்பதும், சொந்தப் பெயரை மறைத்துப் புனைபெயரில் எழுதுவதும் எழுத்தாளருக்கு உள்ள தார்மீக உரிமைகள். பொதுவாக இந்தப் பாதுகாப்பு எழுதியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 வருடமும் இருக்கும்.

ஆனால் நீங்களும் ஒரு இடத்தில் பிழையாக நினைத்திருக்கிறீர்கள். "என் சமையல் குறிப்பைத் திருடிவிட்டார்கள்" என்று மூன்று தடவை எழுதியிருக்கிறீர்கள். எண்ணம், செய்முறை, வழிமுறை போன்றவற்றுக்கு அந்தச் சட்டம் பாதுகாப்புத் தருவதில்லை. ஒடியல் மாவை ஊறவைத்து, கசப்பு நீரை வடித்து, மீனும் நண்டும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் கொதிக்கும்போது கரைத்து விடுவது யாருடைய சொத்தும் இல்லை, அது ஊருக்குப் பொது. உங்களுடையது எதுவென்றால், நீங்கள் அதைச் சொன்ன விதம். பனையோலைப் பிளாவில் மாமியார் கூழை ஊற்றிக் கொடுக்க, சின்னவன் அதைப் பிடிக்கத் தெரியாமல் முழங்கைவரை ஒழுகவிட்டு, பிறகு சூடு தாங்காமல் பிளாவோடு பல்கனிக்கு ஓடியதை எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பந்திதான் உங்களுடையது. அந்த முகநூல் பக்கம் தூக்கிக்கொண்டு போனதும் அதைத்தான், கீழே வந்த கருத்துகளில் பாதிப்பேர் பேசியிருப்பதும் அந்தப் பிளாவைப் பற்றித்தான். இதைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படங்கள் பற்றியும் ஒன்று. ஐந்தில் இரண்டு படங்கள் மகள் எடுத்தவை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த இரண்டுக்கும் உரிமை மகளுக்கு. முறைப்பாடு செய்யும்போது அவளுடைய சம்மதத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று, இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். புறக்கோட்டைச் சந்தை பற்றிய கட்டுரையிலும் பனங்காய்ப் பணியாரக் கட்டுரையிலும் நீங்கள் போட்டிருக்கிற படங்களுக்குக் கீழே "நன்றி: இணையம்" என்று இருக்கிறது. இணையம் யாருக்கும் அனுமதி தருவதில்லை, அந்தப் படத்தை யாரோ ஒருவர் எடுத்திருக்கிறார். நன்றி சொல்வது வேறு, அனுமதி வாங்குவது வேறு. நீங்கள் மற்றவர் மேல் முறையிட முதல் இவற்றை எடுத்துவிட்டுச் சொந்தப் படம் போடுங்கள், அல்லது விக்கிமீடியா கொமன்ஸில் இருந்து, அங்கே சொல்லியிருக்கிற நிபந்தனைப்படி எடுத்தவரின் பெயரோடும் உரிம விபரத்தோடும் பயன்படுத்துங்கள். இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் இணையத்தில் சேர்த்து வைக்கிற நூலகம் தளத்தில் இருந்து பழைய சஞ்சிகைப் பக்கங்களை எடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். 2005இல் இருந்து அவர்கள் சேர்த்து வைத்திருக்கிறது நாங்கள் வாசிக்கவும் ஆராயவும்தான், அங்கே இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் மறுபிரசுரம் செய்யலாம் என்று ஆகாது.

சரி, அந்த முகநூல் பக்கத்தை என்ன செய்வது? முதலில் ஆதாரம். முகவரியும் திகதியும் தெரிகிற மாதிரித் திரைப்பிடிப்புகள் எடுங்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் உங்கள் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள், கட்டுரை உங்களிடம் முதலில் வந்த காலத்துப் பிரதி அங்கே ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருந்தால் அது நல்ல சாட்சி. அடுத்தது அவர்களுக்கு ஒரு செய்தி, மரியாதையாக, நான்கு வரியில்: கட்டுரை என்னுடையது, புனைபெயரையும் மூலக் கட்டுரையின் இணைப்பையும் மேலே சேருங்கள், ஏழு நாளுக்குள் செய்யாவிட்டால் நீக்கச் சொல்லி முறையிடுவேன். நீக்கு என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். 4,000 பேர் பகிர்ந்த இடத்தில் உங்கள் பெயரும் இணைப்பும் வருமானால், அந்தப் பதிவு அழிந்துபோவதை விட அது உங்களுக்கு லாபம்.

அசைய மறுத்தால் முகநூலின் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம்தான் அதற்கு அடிப்படை, கொழும்பில் இருந்துகொண்டே நிரப்பலாம், காசு இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. ஆனால் இங்கே உங்களுக்கு ஒரு விசேட ஆபத்து இருக்கிறது. படிவத்தில் உண்மைப் பெயர் கொடுக்க வேண்டும், அந்தப் பெயரும் மின்னஞ்சலும் எதிர்த்தரப்புக்குப் போகலாம். பாடசாலையில் தெரியக்கூடாது என்பதற்காகப் புனைபெயரில் எழுதுகிறவர் நீங்கள். ஆகவே இதற்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்துகொள்ளுங்கள், பெயர் வெளியே வந்தாலும் பரவாயில்லையா என்று ஒரு நாள் யோசித்துவிட்டு அனுப்புங்கள்.

அதற்கும் மேலே போனால், புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் விண்ணப்பித்து விசாரணை கோரலாம். வழக்குப் போடலாம். வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறுவது குற்றமும்தான், நீதவான் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டால் 500,000 ரூபாய் வரை தண்டமோ 6 மாதச் சிறையோ இரண்டுமோ வரலாம். இவையெல்லாம் உங்கள் கையில் இருக்கிற உரிமைகள். என்றாலும் ஒரு கூழ்க் கட்டுரைக்காகப் புதுக்கடைப் படி ஏறி இறங்கச் சொல்லி உங்களுக்கு நான் ஆலோசனை சொல்ல மாட்டேன். வழக்குச் செலவும் மூன்று நான்கு வருட அலைச்சலும் வரப்போகிற நட்டஈட்டை விழுங்கிவிடும்.

வாங்குகிற கூட்டம்

15,000 ரூபாயைத் தம்பியிடம் கொடுக்காதீர்கள். அந்த 10,000 பேரும் மனிதர்களே இல்லை, பெரும்பாலும் வெறும் கணக்குகள், தமிழ் வாசிக்கத் தெரியாதவை, கூழ் குடிக்காதவை. காசு போவதை விடப் பெரிய நட்டம் இன்னொன்று இருக்கிறது. நீங்கள் ஒன்றைப் போட்டதும் முகநூல் அதை உங்களைப் பின்தொடர்கிறவர்களில் கொஞ்சப் பேருக்குக் காட்டிப் பார்க்கும், அவர்கள் நின்று வாசித்தால், ஏதாவது எழுதினால், இன்னும் பலருக்குக் காட்டும். அந்தக் கொஞ்சப் பேரில் பாதி போலிக் கணக்கு என்றால் யாரும் நிற்கப் போவதில்லை, உங்களை உண்மையாகவே வாசிக்கிற 70 பேரின் கண்ணிலும் படாமல் போய்விடும். அமெரிக்காவில் 2024இல் இருந்து வியாபாரத்துக்காகப் போலிப் பின்தொடர்வோரை விற்பதையும் வாங்குவதையும் சட்டத்தாலேயே தடுத்திருக்கிறார்கள். இங்கே அப்படியொரு தனி விதி இல்லாவிட்டாலும் அந்தத் தளங்களின் சொந்த விதிகளுக்கு அது விரோதம், கணக்கு முடக்கப்பட்டால் மூன்று வருட உழைப்பும் சேர்ந்து போகும்.

"பிடித்தவர்கள் லைக் போடுங்கள், பத்துப் பேருக்குப் பகிருங்கள், ஒருவருக்குப் பட்டுப்புடவை" என்கிற போட்டிகளும் அப்படித்தான். இந்த மாதிரித் தூண்டில் பதிவுகளைக் கீழே தள்ளுவோம் என்று முகநூல் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. புடவைக்கு வந்தவர்கள் புடவை முடிந்ததும் போவார்கள். கடிதத்தின் ஓரத்தில் விளம்பர வருமானம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள்: கூகுள் அட்சென்ஸ் 2018இல் இருந்து தமிழுக்கும் உண்டு, ஆனால் 100 டொலர் சேர்ந்த பிறகுதான் காசு கைக்கு வரும், ஒரு நாளைக்கு 70 பேரோடு அது இப்போதைக்கு நடக்காது. சொந்தக்காரரைக் கூப்பிட்டு விளம்பரத்தைத் தட்டச் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம், கண்டுபிடித்தால் கணக்கை மூடிவிடுவார்கள்.

பெற்றோரின் மின்னஞ்சல்களை எடுத்து அனுப்பும் யோசனைக்கு என் பதில், கூடாது. பிள்ளைகளின் படிப்புக்காகக் கொடுத்த முகவரி அது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே, எதற்கென்று வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்து என்பதுதான். சட்டம் ஒரு பக்கம் இருக்க, ஒரு பெற்றோர் அதிபரிடம் போய்ச் சொன்னாலே உங்கள் வேலைக்கு அது தலையிடி.

ஆனால் சிநேகிதி சொன்னதில் ஒரு நல்ல விதை இருக்கிறது. மின்னஞ்சல் பட்டியல் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும், கேட்டு வந்தவர்களுடைய பட்டியல். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஞாபகம் இருக்கிறதா? ஊரடங்கு போட்டு, முகநூல், வட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றையும் ஒரே இரவில் அரசாங்கம் முடக்கியது. 2018 மார்ச்சிலும் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும் அப்படி நடந்தது. அந்த நாட்களில் முகநூலை மட்டும் நம்பி எழுதியவர்களுக்கு வாசகரோடு பேச வழியே இருக்கவில்லை. ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் ஒரு சின்னப் பெட்டி வையுங்கள், "அடுத்த கட்டுரை வரும்போது மின்னஞ்சலில் அறிவிக்கிறேன், வேண்டாமென்றால் எப்போதும் விலகலாம்" என்று எழுதுங்கள். ஐம்பது பேர் சேர்ந்தாலே அது உங்கள் சொந்தக் காணி மாதிரி, எந்த நிறுவனமும் எழுப்ப முடியாது.

கேட்டவருக்குப் பதில் இல்லை

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த முக்கியமான விடயம். உங்கள் 140 கட்டுரைகளின் கீழேயும் போய்ப் பார்த்தேன். கேள்வி கேட்டு எழுதப்பட்ட பின்னூட்டங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தேன், 23 வந்தது. அதில் நீங்கள் பதில் எழுதியது இரண்டுக்கு.

கூழ்க் கட்டுரைக்குக் கீழே, நவம்பரில், கனடாவின் ஸ்காபரோவில் இருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஒடியல் மாவை எத்தனை மணித்தியாலம் ஊறவைக்க வேணும் அக்கா? இங்கே தமிழ்க் கடையில் வாங்கின மா, பழசு போல மணக்குது. அம்மா இருந்தா அவவிட்டயே கேட்டிருப்பன்." அதற்குக் கீழே ஒன்றும் இல்லை, இன்றுவரை. வாசகர் இல்லை என்று எனக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், சகோதரி, வாசகர் இங்கேதான் வந்து நிற்கிறார். தாயை இழந்த ஒருவர், தாயிடம் கேட்க வேண்டியதை உங்களிடம் வந்து கேட்டிருக்கிறார். அந்த முகநூல் பக்கத்தின் 4,000 பகிர்வுகளில் இப்படி ஒன்றை நான் காணவில்லை.

அந்த ஒரு கேள்விக்குள் எத்தனை கட்டுரை இருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டுக் கடையில் ஒடியல் மா வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது? பழைய மாவை எப்படிக் கண்டுபிடிப்பது? எத்தனை தரம் நீர் மாற்றுவது? குளிர்நாட்டில் பலாக்கொட்டை கிடைக்காவிட்டால் என்ன போடுவது? மாமியாரை உட்கார்த்தி வைத்துக் கேட்டு எழுதுங்கள். எழுதிவிட்டு, பெயர் சொல்லாமல், "ஸ்காபரோவில் இருந்து ஒரு வாசகர் கேட்டார்" என்று தொடங்குங்கள், அவருக்கு அந்தப் பதிவின் இணைப்பை அவருடைய பின்னூட்டத்துக்குக் கீழேயே போடுங்கள். அவர் அதைத் தன் தங்கைக்கு அனுப்புவார், தங்கை தன்னுடைய வட்ஸ்அப் குழுவில் போடுவார். இலங்கை வானொலிக்குத் தபாலட்டை போட்டுவிட்டு, தன் பெயரும் ஊரும் வாசிக்கப்படுமா என்று வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்த நேயர்களை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அறிவிப்பாளர் ஒரு தடவை அந்தப் பெயரை வாசித்துவிட்டால், அந்த நேயர் வாழ்நாளுக்கும் அந்த நிகழ்ச்சியை விடமாட்டார். பதில் கிடைத்த வாசகரும் அப்படித்தான்.

இத்தோடு சேர்ந்த சின்னச் சின்ன விடயங்களும் இருக்கின்றன. உங்கள் பக்கத்தில் பின்னூட்டம் எழுதக் கணக்குத் திறந்து உள்நுழைய வேண்டியிருக்கிறது, அதன்பிறகு நீங்கள் அனுமதிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். நான் ஒன்று எழுதிப் பார்த்தேன், வெளியே வர ஐந்து நாள் எடுத்தது. பெயரை மட்டும் கொடுத்து எழுதுகிற மாதிரி மாற்றுங்கள். மற்றவரைத் தூற்றுகிற, கேவலப்படுத்துகிற கருத்து வந்தால் எடுத்துவிடுவதற்காக அனுமதிக்கும் ஏற்பாட்டை வைத்திருப்பது நல்லதுதான், ஆனால் காலையிலும் இரவிலும் ஒரு தடவை பாருங்கள். கட்டுரையின் முடிவில் "உங்கள் மேலான கருத்துகளைத் தெரிவியுங்கள்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே வரி போட்டிருக்கிறீர்கள், அதற்கு யாரும் பதில் எழுத மாட்டார்கள். "உங்கள் வீட்டில் கூழுக்கு நண்டு போடுவார்களா, போடமாட்டார்களா?" என்று கேட்டுப் பாருங்கள், தீவகத்தாரும் வடமராட்சியாரும் வந்து சண்டை பிடிப்பார்கள்.

140 கட்டுரை மூன்று வருடத்தில் என்றால் மாதத்துக்குக் கிட்டத்தட்ட நான்கு. கணக்கில் அப்படி, ஆனால் நீங்கள் எழுதுவது விடுமுறையில் ஒரே கிழமைக்குள் ஆறு, பிறகு இரண்டு மாதம் ஒன்றுமில்லை. ஆறையும் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு கிழமைக்கு ஒன்றாக, ஒரே கிழமை நாளில் விடுங்கள். நேரமும் முக்கியம்: உங்கள் வாசகரில் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். ரொறொன்ரோ எங்களை விட கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் பின்னால் இருக்கிறது. நீங்கள் கட்டுரை போடுகிற காலை ஆறரை மணிக்கு அங்கே முதல்நாள் இரவு எட்டு, ஒன்பது மணி, லண்டனில் நடுச்சாமம். சனிக்கிழமை பின்னேரம் ஆறரைக்குப் போட்டால் ரொறொன்ரோவில் காலைத் தேத்தண்ணி நேரம், லண்டனில் மத்தியானம், இங்கேயும் எல்லோரும் விழித்திருப்பார்கள்.

இணையத்துக்கு வெளியேயும் வாசகர்கள் இருக்கிறார்கள், உங்கள் வீட்டில் இருந்து நடந்து போகிற தூரத்தில். 57ஆவது ஒழுங்கையில், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, நூலகமும் கூட்டங்களும் இருக்கின்றன. புனைபெயர் தடை என்றால் மேடை ஏற வேண்டாம், வந்து உட்கார்ந்து பழைய ஆட்களோடு கதையுங்கள். உங்களுக்குக் கட்டுரையும் கிடைக்கும், வாசகரும் கிடைக்கும்.

தேடுகிறவர் கண்ணில் பட

உங்கள் கூழ்க் கட்டுரையின் தலைப்பு "அந்த மழை நாளும் ஒரு பிளா நினைவும்". அழகான தலைப்பு, ஆனால் ஒடியற் கூழ் என்று கூகுளில் தேடுகிறவருக்கு அது உதவாது. முகநூல்காரர் வைத்த தலைப்பு என்ன தெரியுமா? "யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ் செய்வது எப்படி". தலைப்பில் பொருளின் பெயர் வரட்டும், மழையும் நினைவும் முதல் பந்தியில் வரட்டும். ஒடியல் கூழ், ஒடியற் கூழ் என்று இரண்டு விதமாகவும் ஆட்கள் எழுதுவார்கள், இரண்டையும் கட்டுரைக்குள் எங்காவது வையுங்கள். கூகுள் சேர்ச் கொன்சோல் என்று ஒரு இலவச வசதி இருக்கிறது, என்ன சொல்லைத் தட்டித் தேடி உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்று அது காட்டும். மாதம் ஒரு தடவை பாருங்கள், அது வாசகர் வாயால் சொல்லாமல் கேட்ட கேள்விகளின் பட்டியல்.

உங்கள் முதல் முப்பது கட்டுரைகளில் இன்னொரு பெரிய சிக்கல். அவற்றைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி, படமாக்கி ஏற்றியிருக்கிறீர்கள். கண்ணால் பார்க்கிற எங்களுக்கு அது தமிழ், தேடுபொறிக்கு அது வெறும் படம். மாமியாரின் சரக்குத் தூள் அளவு, பனங்காய்ப் பணியாரம், தோசைக்குத் தாளிக்கிற கணக்கு, உங்கள் ஆகச் சிறந்த கட்டுரைகள் எல்லாம் அதற்குள்ளே புதைந்து கிடக்கின்றன. மூலக் கோப்புகள் கணினியில் இருந்தால் பாமினியில் இருந்து, தேடுபொறிக்கு விளங்குகிற யுனிகோடு எழுத்துக்கு மாற்றுகிற இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, ஒட்டினால் மாற்றித் தரும், எழுத்துப்பிழையை மட்டும் ஒருக்கால் பார்த்துவிடுங்கள். புதிதாக ஒரு வரி எழுதாமலே முப்பது கட்டுரை உயிர் பெறும். படங்களையும் சுருக்குங்கள். கைத்தொலைபேசியில் டேட்டா எண்ணி எண்ணிச் செலவழிக்கிற ஆட்கள் ஐந்து பெரிய படம் இறங்கும்வரை பொறுக்க மாட்டார்கள்.

காரமான கட்டுரையும் இலவசச் சாப்பாடும்

900 பேர் வந்த கட்டுரையைப் பற்றி. இலங்கையில் அவதூறு 2002இல் இருந்து குற்றவியல் குற்றம் இல்லை, ஆனால் நட்டஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போடலாம். எங்கள் உரோமன் டச்சுச் சட்டத்தில் "உண்மையைத்தான் எழுதினேன்" என்பது மட்டும் போதாது, அதை வெளியிட்டதில் பொதுநன்மையும் இருக்க வேண்டும். அதற்கு மேல் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் சில வகைப் பொய்யான கூற்றுகளை இணையத்தில் பரப்புவதைக் குற்றமாக்கியிருக்கிறது. சாப்பாடு ஆறியிருந்தது, ஆட்டுக்கறி வேகவில்லை, 40 நிமிடம் காத்திருந்தோம்: இவை நீங்கள் அனுபவித்தது, பில்லும் கையில் இருக்கிறது, தாராளமாக எழுதலாம். ஆனால் அதே கட்டுரையில் "இவர்கள் பழைய இறைச்சியைத்தான் பாவிக்கிறார்களாம்" என்று ஒரு வரி இருக்கிறது. அது நீங்கள் காணாதது, யாரோ சொன்னது. அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்த 900 பேரில் எத்தனை பேர் அடுத்த கட்டுரைக்கு வந்தார்கள் என்று உங்கள் கணக்கையே பாருங்கள், நீங்கள் அனுப்பிய படத்தின்படி மறுநாள் 74.

இலவசச் சாப்பாட்டைப் போய்ச் சாப்பிடுவது சட்டவிரோதம் இல்லை, சாப்பிட்டதை மறைப்பதுதான் வாசகருக்குச் செய்கிற துரோகம். போவதென்றால் "உணவகத்தின் அழைப்பில் போனேன், காசு கொடுக்கவில்லை" என்று முதல் வரியில் எழுதுங்கள், புகழ வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்காதீர்கள். காசு வாங்குவதை நான் விரும்பவில்லை, உங்கள் நியமனக் கடிதத்தில் வெளி வருமானம் பற்றி என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கவும் கூடாது.

நிறுத்திவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்தாதீர்கள். மாமியாருக்கு எத்தனை வயது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்ததில் பாதியைக்கூட நீங்கள் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று கட்டுரைகளை வாசித்தபோது தெரிந்தது.

வரிசை இப்படி இருக்கட்டும்: இந்தக் கிழமை இணையப் படங்கள் இரண்டையும் பழைய இறைச்சி வரியையும் எடுப்பது, அடுத்த கிழமை முகநூல் பக்கத்துக்குச் செய்தி, பாமினிக் கட்டுரைகள் பாடசாலை விடுமுறைக்கு. ஸ்காபரோக்காரரின் பின்னூட்டத்துக்கு மட்டும் இன்றிரவே, பிள்ளைகள் படுத்த பிறகு, மாமியாரைக் கேட்டு நான்கு வரி எழுதிவிடுங்கள். அங்கே அப்போது காலை, இன்றைக்கே மாவை ஊறப் போட அவருக்கு நேரம் இருக்கும்.